குருவிப் பாட்டின் நடுப்பகுதி

பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பியானோ வாசிப்பார். கேட்டதும் சிரிக்கிறவர்கள் அவருடைய நாற்காலியில் ஒருமுறைகூடப் படுத்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டபின் உதடு மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் நோயாளிக்குப் பயப்படுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னறைக்குப் போவார். சுவரோரம் நிற்கும் பழைய பியானோவின் மூடியைத் திறந்து ஒரு சின்னப் பாட்டை வாசிப்பார். இடது கை தொட்டில் ஆட்டுவதுபோல அசைய, வலது கை ஒரு ராகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். பாதி வழியில் இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருப்பார். காத்திருக்கிற கூட்டமும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதே ராகம் திரும்ப வந்து, மெல்லத் தேய்ந்து முடியும்.

முடிந்ததும் எழுந்து நின்று சொல்வார்: "இது நானே போட்ட பாட்டு. என் வீட்டுக்காரிக்காகப் போட்டது. குருவிப் பாட்டுன்னு பேரு."

குருவி என்பது அவர் மனைவிக்கு அவர் வைத்த செல்லப்பெயர். ஆள் இப்போது குருவி அளவில் இல்லை என்பது வேறு விஷயம். வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றுதான்; அதன் பின்னறைதான் அவள் இடம். ஒரு நீள மேஜை, மெழுகு உருக்கும் விளக்கு, பிளாஸ்டர் மூட்டை, தேய்க்கிற மோட்டார், அலமாரி நிறைய ஊர் ஜனங்களின் பிளாஸ்டர் தாடைகள். டாக்டர் பிடுங்குவார், குருவி கட்டுவாள். வாசல் பலகையில் டாக்டர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதே இல்லை. ஏனென்றால் ஊரில் யார் மனைவிக்கும் இல்லாத ஒன்று அவளுக்கு இருந்தது. அது முன்னறையில் தினமும் ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டுக்காக அவள் கொடுத்த விலை சின்னதல்ல. கல்யாணத்துக்கு முன்னால், வேறொரு நகரத்தில் பல் செட் செய்யும் பெரிய கூடம் ஒன்றுக்குத் தலைமையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில், அப்போதுதான் படிப்பை முடித்திருந்த டாக்டர் வந்து, "இரு, ஒண்ணு கேட்டுட்டுப் போ" என்று ஒரு நண்பன் வீட்டுக்கு அழைத்துப்போய், அங்கிருந்த பியானோவில் இதை வாசித்தார். "ராத்திரி பூரா உட்கார்ந்து உனக்காகப் போட்டேன்" என்றார். அவள் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தாள்.

அவள் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "ஒரு பாட்டுக்காக யாராவது பிழைப்பை விடுவாங்களா?"

"எனக்காக ஒருத்தர் பாட்டே போட்டிருக்கார். உனக்காக யாராவது ஒரு விசில் அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள் குருவி. பல வருஷங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இருபத்தைந்து வருஷம் இப்படிப் போனபின் ஒருநாள் டீச்சர் வந்தாள். டீச்சருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். அந்த ஊருக்குக் குடிவந்த வாரமே ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் மூன்றைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். குருவி அவளைப் பின்னறை நாற்காலியில் உட்கார வைத்து, அச்செடுக்கும் பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்தினாள்.

"மூக்கால மூச்சு விடுங்க. பசை இறுகுற வரைக்கும் பேசக் கூடாது, அசையக் கூடாது."

அந்த நேரம் பார்த்து முன்னறையில் பாட்டு ஆரம்பித்தது. அன்று கடைவாய்ப் பல்லுக்காக ஒரு கட்டிட கான்ட்ராக்டர் மரத்துப்போய்க் கொண்டிருந்தார். குருவி எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே டீச்சரிடமும் சொன்னாள்: "நல்லா இருக்கா? அவர் போட்டதுதான். எனக்காக."

டீச்சரின் கண் அகலமாக விரிந்தது. "ம்ம்?" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் ஆச்சரியப்படுவாங்க."

"ம்ஹூம். ம்ம்ஹூம்."

"தலையை ஆட்டாதீங்க, அச்சு கெட்டுப்போயிடும்."

டாக்டர் கையைத் தூக்கி மூச்சைப் பிடிக்கும் இடம் வந்தது. வீடே அமைதியானது. அந்த அமைதியில் டீச்சர் நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் தடதடவென்று தட்ட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, மோவாயில் எச்சில் வழிந்தது. குமட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்து குருவி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதற்குள் முன்னறையில் ராகம் திரும்பி வந்துவிட்டது. டீச்சர் தட்டுவதை நிறுத்தி, சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டை வெளியே எடுத்ததும், பல் போன சந்தில் காற்று அடிக்க டீச்சர் கேட்டாள்: "நடுவுல இருக்கிறது எங்கங்க?"

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒரு பக்கம் முழுக்க இருக்கு. இடி, மழை எல்லாம் அங்கதான். இவர் அதை முழுங்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் மட்டும் வாசிக்கிறார்."

"இல்லைங்க, இது அவரே போட்ட பாட்டு."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் குரலை இறக்கிவிட்டாள். "அப்படியா. சரிங்க. எனக்கு வேற ஏதோ ஞாபகம்."

அந்தக் குரல் இறங்கியதைத்தான் குருவி கவனித்தாள். பசை ஒட்டிய கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "சொல்லுங்க" என்றாள்.

"இதைப் போட்டவர் செத்து நூத்தம்பது வருஷம் ஆகுது" என்றாள் டீச்சர். "நாக்டர்ன்னு சொல்வாங்க. ராத்திரி நேரத்துப் பாட்டு. என்கிட்ட ரெண்டு மூணு வருஷம் படிச்ச பிள்ளைங்க எல்லாம் வாசிக்கும். அதுக்கு ஒரு நம்பர்தான் உண்டு. குருவியும் கிடையாது, காக்காயும் கிடையாது."

அன்று மாலை குருவி டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்மேல் தப்பில்லை என்று நம்பக் கடைசியாக ஒரு வழி தேடினாள். வாலிப வயதில் எங்கேயோ கேட்டு, மனசில் தங்கி, தன்னுடையது என்றே நம்பிவிட்டாரோ என்னவோ. நடக்கக்கூடியதுதான். டாக்டரின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். குருவி போய், கதையோடு கதையாக, "அண்ணி, இவர் அந்தப் பாட்டை எப்பக் கத்துக்கிட்டார்?" என்று கேட்டாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "அதுவா? காலேஜ்ல சேர்ந்தப்பவே ஒரு மாஸ்டர்கிட்டப் போனான். இது ஒண்ணுதான் தெரியும், அதுவும் பாதி. நடுவுல கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டான். அப்ப அது முயல் பாட்டு."

"முயலா?"

"அவன்கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி. முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் பெருசு. அவளுக்காகப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான்." அண்ணி மடித்த துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?"

குருவி வீட்டுக்கு நடந்தாள். பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை, பழசைத் துடைத்துக் கொடுத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி வாயில் இருந்த பல் செட்டைக் கழுவி இன்னொருத்தி வாயில் மாட்டுகிற வேலை. அதற்காக அவள் பெட்டியைப் பிரித்திருக்கிறாள். அதற்காக அண்ணனை மட்டம் தட்டியிருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாகக் காதில் சுற்றிய பூவை மாலை என்று நினைத்துப் பின்னறையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

வீட்டில் கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் முதலில் சிரிப்பார், பிறகு கண் கலங்குவார், கையைப் பிடித்துக்கொள்வார், அதற்குள் இன்னொரு கதை தயாராகிவிடும். விடிவதற்குள் அவளே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். பேச்சில் அவரை ஜெயித்தவர் யாரும் இல்லை. பொய் நாலு பேர் முன்னால் சொல்லப்பட்டது, அது நாலு பேர் முன்னால்தான் உடைய வேண்டும். அவர் வாய் திறக்க முடியாத இடத்தில் உடைய வேண்டும். இதை அவள் முடிவு செய்தபோது மனசு நிதானமாக இருந்தது.

அடுத்த நாள் மதியம், ஆஸ்பத்திரி மூடியிருக்கும் நேரத்தில், குருவி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எனக்குக் கத்துக்கொடுங்க."

டீச்சர் சந்தோஷமாக ஒரு பிள்ளைகள் புத்தகத்தை எடுத்தாள். "முதல் பாடத்துல இருந்து வருவோம்."

"எனக்கு முதலும் வேண்டாம், கடைசியும் வேண்டாம். அவர் விட்ட பக்கம் மட்டும் போதும்."

டீச்சர் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினாள். குருவி அதுவரை அதைக் கேட்டதே இல்லை. தொட்டில் ஆட்டிய இடது கை அடிவயிற்றிலிருந்து இடித்தது. வலது கை மேலேயிருந்து படியில் உருண்டு விழுகிறமாதிரி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. அந்த மென்மையான ராகத்துக்குள் இவ்வளவு கோபம் இருந்திருக்கிறது. அவர் அதை விட்டுவிட்டு வெல்லத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"பார்க்கத்தான் பயமா இருக்கும்" என்றாள் டீச்சர். "ஒரே கை வேலைதான் திரும்பத் திரும்ப வருது. அவர் விட்டது கஷ்டத்தால இல்லைங்க, சோம்பேறித்தனத்தால."

அந்த வார்த்தை குருவிக்குப் பிடித்துப்போனது.

பல் செதுக்குகிற கைக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இடது கை ஒன்று சொல்ல வலது கை வேறொன்று செய்வதை அது அறியாது. முதல் வாரங்களில் அவள் வாசித்தது பாத்திரம் உருளுகிற சத்தம்தான். விரல்கள் சொன்னபேச்சுக் கேட்க மழைக்காலம் முடிந்து வெயில்காலம் வர வேண்டியிருந்தது. பின்னறையில் மெழுகு ஆறக் காத்திருக்கும்போது மேஜைமேல் விரல்களை ஓட்டுவாள். மேஜையில் வைத்த தாடைகள் எல்லாம் கூடச் சேர்ந்து கடகடக்கும்.

"அந்த டீச்சருக்குப் பல் இன்னுமா பொருந்தல?" என்று டாக்டர் ஒருநாள் கேட்டார்.

"கொஞ்சம் உரசுது. சரி பண்ணிட்டே இருக்கேன்."

டீச்சரின் பல் எப்போதோ பொருந்தி, அவள் அதை வைத்துக் கரும்பே கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. முன்னறையில் தினமும் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது குருவி இன்னமும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர்மேல் வந்த கோபம் பாட்டின்மேல் வர மறுத்தது. யாரோ செத்துப்போனவர், தன்னுடைய எந்த ராத்திரிக்காகவோ போட்டது, வழி தவறி அவளிடம் வந்து இத்தனை வருஷம் அவளைத் தாலாட்டியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க டாக்டர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்ல ஒன்றை அவள் காதுக்குள் வைத்துக் கெடுத்துவிட்டாரே.

பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. அந்த வருஷம் டாக்டருக்குக் 'கலை மருத்துவர்' என்று பட்டம் கொடுப்பதாக அறிவித்தார்கள். விழாவில் குருவிப் பாட்டு வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. கோட்டுத் தைத்துக்கொண்டார். நரையை மறைத்துக்கொண்டார்.

"என்னங்க, நீங்க வாசிக்கிறப்ப நான் பக்கத்துல உட்காரட்டுமா?" என்று குருவி கேட்டாள்.

டாக்டர் உருகிப்போனார். "எனக்கு இது தோணாமப் போச்சே. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

மண்டபம் நிறைந்திருந்தது. மாவட்டத்துப் பல் டாக்டர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அண்ணி முதல் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் டீச்சர். குருவி மேடை ஏறி நீளப் பெஞ்சில் டாக்டருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பியானோவின் தாங்கியில் வைத்தாள். டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான்" என்று மைக்கில் சொன்னார். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ராத்திரி பூரா கண் முழிச்சு, என் குருவிக்காக நான் போட்டது."

கைதட்டல் அடங்கியதும் வாசித்தார். அன்று மிக நன்றாகவே வாசித்தார். பாதி வழி வந்தது. இரண்டு கையையும் தூக்கினார், கண்ணை மூடினார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த மூச்சுக்குள் குருவி கையை வைத்தாள்.

முதல் அடி விழுந்ததில் டாக்டரின் கண் தானாகத் திறந்தது. குருவியின் இடது கை இடித்துக்கொண்டே போனது, வலது கை அவர் மடியைத் தாண்டி மேலேபோய் அங்கிருந்து விழுந்தது. அவர் பெஞ்சில் ஒதுங்கி ஒதுங்கி ஓரத்துக்குப் போனார். இரண்டு இடத்தில் அவள் விரல் தவறியது. அவள் நிற்கவில்லை. பிரித்த பெட்டியை வாசித்தாள், முயலை வாசித்தாள், அலமாரி நிறைய இருந்த அத்தனை தாடைகளையும் வாசித்தாள். தன் கோபத்துக்கு இவ்வளவு அழகான இடம் ஒன்று நூற்றைம்பது வருஷமாகக் காத்திருந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பக்கம் முடிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப நீங்க" என்றாள்.

அந்த இடத்தில் பழைய ராகம் திரும்பி வர வேண்டும். டாக்டர் கட்டைமேல் விரலை வைத்தார். ஒரு சுரம் ஒலித்தது, அதுவும் தப்பு. கையை எடுத்துக்கொண்டார். அந்தப் புயலுக்குப் பிறகு அந்த ராகத்தை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அங்கே ஒருநாளும் போனதில்லையே.

பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. சங்கத் தலைவர், பாவம், வெள்ளை மனசுக்காரர், மைக்கோடு ஓடி வந்தார். "டாக்டர், நடுவுல வந்தது புதுசா இருக்கே. அது யார் போட்டது?"

டாக்டர் தாங்கியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த மனிதரின் வாய் எந்த நிலையிலும் கைவிடாது. "அதுவா," என்றார், "அது என் குருவி போட்டது. எனக்காக."

மண்டபம் அதிர்ந்தது. எல்லோரும் அவளுக்காகத் தட்டினார்கள். அவள் வாழ்நாளில் அவளுக்காக யாரும் அப்படித் தட்டியதில்லை. நன்றாகத்தான் இருந்தது. மறுக்காமல் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், பாட்டில் பாதி அவளுடையதாகிவிடும். இத்தனை வருஷம் அவரால் ஏன் இதை விட முடியவில்லை என்று குருவிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தது என்பதற்காக அவள் மன்னிக்கவில்லை.

மைக்கை வாங்கினாள்.

"நான் போடலைங்க. இவரும் போடல. முழுசும் இந்தப் புஸ்தகத்துல இருக்கு. போட்டவர் செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் இதுல முன்னாடியும் பின்னாடியும் மட்டும் எடுத்துக்கிட்டார். எனக்கு முன்னாடி இதுக்கு முயல் பாட்டுன்னு பேரு. சந்தேகம் இருந்தா இவர் அக்காவைக் கேளுங்க. முதல் வரிசையிலதான் இருக்காங்க."

அண்ணி குனிந்து கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். பின்வரிசையில் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. பல் டாக்டர்கள் நூறு பேர் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டினார்கள். டாக்டர் பெஞ்சின் ஓரத்தில் புதுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். 'கலை மருத்துவர்' என்று எழுதிய பலகையை யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று தெரியாமல் தலைவர் அதைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் குருவி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை முதல் நோயாளிக்கு ஊசி போட்டபின், பழக்க தோஷத்தில் டாக்டர் முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். தொட்டில் ஆடியது, ராகம் நடந்தது. பாதி வழியில் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. இடி விழப்போகிறது என்று காத்திருக்கிறவர்போலப் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். இடி விழவில்லை. அதற்காக மேலே போகவும் முடியவில்லை. மூடியைச் சாத்திவிட்டு எழுந்து வந்தார்.

பின்னறை அலமாரி பாதி காலியாக இருந்தது. குருவி தாடைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பிரித்த அதே பெட்டி.

"டீச்சர் வீட்டு மாடியில ரூம் எடுத்திருக்கேன்" என்றாள். "பல் கட்டுற கூடம். வாசல்ல என் பேர் போட்டாச்சு. உங்களுக்கு வேலை இருந்தா அங்க அனுப்புங்க. மத்த டாக்டருங்க வேலையும் வரும், வரிசைப்படிதான் செஞ்சு தருவேன்."

டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்துப் பார்த்தார், வரவில்லை. கண் கலங்கியது. அது நிஜமாகவே கலங்கியிருக்கலாம்.

"ஊர் முன்னாடி என் மூக்கை உடைச்சிட்டியே, குருவி" என்றார். "என்கிட்ட வீட்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

குருவி ஒரு கீழ்த்தாடையைச் சுற்றி முடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வீட்லதானே இருபத்தஞ்சு வருஷமா உட்கார்ந்து கேட்டேன்" என்றாள்.